எழுந்து நின்று கெடுத்தவர்

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தக் காலத்து ஆட்களில் இரண்டு பேராவது "அடடா, என்ன கை அது!" என்று உருக ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அதைக் கேட்கப் பொறுக்காது. அந்தக் கையைப் பற்றி எனக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அவருடைய முழங்காலைப் பற்றி.

கித்தாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசிக்கிறவர் இல்லை அவர். நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குழந்தையைக் கிடத்துவது போல மடியில் கிடத்தி வைத்துக்கொள்வார். இடது கையில் பளபளவென்று ஓர் இரும்புத் துண்டு. அதைக் கம்பிகளின் மேல் இழுத்துக்கொண்டே போவார். மனுஷக் குரல் மாதிரியே இழையும். அப்படி இழைந்துகொண்டிருக்கும்போது, வாசல் பக்கம் ஒரு பெரிய மனுஷருடைய தலைப்பாகை தெரிந்தால் போதும். இரும்புத் துண்டு ஜிப்பாப் பைக்குள் போய்விடும். கித்தார் பக்கத்து ஸ்டூலுக்குப் போய்விடும். ஆள் எழுந்து கை கூப்பியபடி நிற்பார். எல்லாம் ஒரு தும்மல் போடுகிற நேரத்துக்குள். கம்பி மட்டும் அநாதையாகக் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு ஓயும்.

வந்தவர் உட்கார வேண்டும், அங்கவஸ்திரத்தைச் சரிசெய்ய வேண்டும், வெற்றிலைப் பெட்டியைத் திறக்க வேண்டும். அதுவரை இவர் நிற்பார். பிறகு பாட்டு ஆரம்பிக்கும். விட்ட இடத்திலிருந்து இல்லை, முதலிலிருந்து. வந்தவர் ஒரு துளியைக்கூட இழந்துவிடக் கூடாதாம். இரண்டு மணி நேரத்துக்கு முன்னாலேயே வந்து, வெறுந்தரையில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிற ஜனங்களுக்கு இழக்க எதுவும் கிடையாது போலும்.

"பெரியவங்க வந்தா பாட்டு நிக்கணுங்க. பாட்டு எங்கியும் போயிடாது." இதை அவர் ரொம்பப் பெருமையாகச் சொல்வார். ஏதோ வேதவாக்கியம் சொல்லிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்டால், எங்கள் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யுத்த காலம். எங்கள் அப்பா ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. அதற்கு ஆறு பிளேட்டு. ஐந்து பிளேட்டு ஞானப்பாட்டு, ஆறாவது இந்த மனுஷருடையது. வார்த்தையே இல்லாத பாட்டு. ஒரு பக்கத்தில் முதல் பாகம், திருப்பிப் போட்டால் இரண்டாம் பாகம். நான் சின்னவளாக இருந்தபோது அதன் மறுபக்கத்தில் ஆணியால் கீறிவிட்டேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் வீட்டில் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டாம் பாகத்தைப் போட்டால் நாலு மூச்சு தூரம் போகும். அப்புறம் ஊசி அந்தக் கீறலில் சிக்கிக்கொண்டு, ஒரே மூன்று சுரத்தையே சுற்றிச் சுற்றி வரும். அப்பா எழுந்து போய் ஊசியைத் தூக்குவார்.

அக்காவுக்கு அந்தப் பாட்டின் மேல் பைத்தியம். மாவு இடிக்கும்போது, துணி பிழியும்போது, எந்த நேரமும் வாய்க்குள் அதுதான். முதல் பாகத்தை முழுசாக முனகுவாள். இரண்டாம் பாகத்தில் அந்தக் கீறல் வரைக்கும் போவாள். மூன்று சுரத்தை இரண்டு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது.

அந்த வருஷம் அவள் கன்னியர் மடத்தில் சேருவது என்று முடிவாகியிருந்தது. அவளே கேட்டுக்கொண்ட முடிவு. யாரும் தள்ளவில்லை. அழுதது அம்மாதான், அவள் அழவில்லை. மடத்துக்குள் போய்விட்டால் கிராமபோனும் கிடையாது, கச்சேரியும் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். அப்போதுதான் பெரம்பலூரிலிருந்து சித்தப்பா கடுதாசி எழுதினார். அவர் அங்கே தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆண்டு விழாவுக்கு அந்தக் கித்தார்க்காரரே நேரில் வருகிறார், விழாக் கமிட்டியில் தானும் இருப்பதால் அவருக்குப் பகல் சாப்பாடு தன் வீட்டில்தான் என்று எழுதியிருந்தார். அப்பா கடுதாசியை மடித்து வைப்பதற்குள் அக்கா துணியை எடுத்து வைத்துவிட்டாள்.

அரியலூர் போய் பஸ் மாறினோம். அப்போது கரிப்புகையில் ஓடுகிற பஸ்தான். மேடு வந்தால் ஆம்பிளைகள் இறங்கித் தள்ள வேண்டும். அப்பா இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது அக்கா என் காதில் சொன்னாள்: "வேற ஒண்ணும் வேணாம்டி எனக்கு. அந்த ஊசி சிக்குற எடத்துக்கு அப்பால என்ன இருக்குன்னு ஒரேயொரு தடவ கேட்டுட்டாப் போதும். நிம்மதியா உள்ள போயிடுவேன்."

எனக்குப் பதின்மூன்று வயது. கீறினவள் நான். "இன்னிக்குக் கேட்டுடுவக்கா" என்றேன்.

சித்தப்பா வீட்டில் அவரை முதல் தடவையாகப் பார்த்தேன். எண்ணெய் வைத்து நடுவகிடு எடுத்த தலை, பட்டு ஜிப்பா, நல்ல சிவந்த விரல்கள். பிளேட்டு உறையில் இருந்த படத்தில் பார்த்து நாங்கள் மனப்பாடம் பண்ணியிருந்த அதே முகம். ஆனால் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. வாசலைப் பார்க்கும், சன்னலைப் பார்க்கும், மறுபடி வாசலைப் பார்க்கும்.

இலை போட்டு உட்கார்ந்தார். அக்காதான் பரிமாறினாள். ரசம் ஊற்றும்போது பயந்து பயந்து கேட்டாள்: "அய்யா, பிளேட்டுல இருக்குற அந்தப் பாட்டு, அதோட ரெண்டாம் பாகம் இன்னிக்கு வாசிப்பீங்களா?"

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே, "மொத வரிசையில யார் யாரும்மா உக்கார்றாங்க?" என்றார்.

அக்காவுக்கு என்ன தெரியும்? சித்தப்பா பதில் சொன்னார். தாசில்தார் தலைமை, போலீஸ் இன்ஸ்பெக்டரும் வருவார் என்றார். அதைக் கேட்டதும் கித்தார்க்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சரியாக அந்த நேரம் வாசலில் தாசில்தாருடைய டவாலி சேவகன் வந்து நின்றான். விழா நாலு மணிக்கா, நாலரைக்கா என்று கேட்டுக்கொண்டு போக வந்தவன். அவன் இடுப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் தெரிந்ததுதான் தாமதம். மனுஷர் இலையிலிருந்து எழுந்துவிட்டார். எச்சில் கை. ரசம் முழங்கை வரைக்கும் வழிந்து சித்தியின் கழுவிய தரையில் சொட்டுகிறது. அந்தக் கையையும் சேர்த்துக் கூப்பிக்கொண்டு நிற்கிறார்.

சேவகனே வெட்கப்பட்டுப் போனான். "அய்யய்யோ, உக்காருங்க சாமி, சாப்புடுங்க" என்றான். அவன் தெருமுனை திரும்பும்வரை இவர் உட்காரவில்லை.

சித்தி அடுப்படியில் வந்து, "தரையத் தொடைக்கிறதா, அந்தாள் கையத் தொடைக்கிறதான்னு தெரியலடி" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த முகத்தையா நாம் வருஷக்கணக்கில் பிளேட்டு உறையில் பார்த்து ரசித்தோம் என்று இருந்தது.

சாப்பிட்டு முடித்துச் சித்தப்பாவின் அறையில் போய்ச் சுருதி சேர்த்தார். கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா வெளிச்சுவரோரம் நின்றுகொண்டாள். நானும் நின்றேன். சுருதி சேர்ந்தது. அப்புறம் யாருக்காகவும் இல்லாமல், சும்மா, தனக்குத்தானே வாசிக்க ஆரம்பித்தார். எங்கள் பாட்டு. பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று வருமே, அது இல்லை. பக்கத்தில் ஒருத்தர் மூச்சு விட்டுக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. அக்கா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் பாகம் முடிந்தது. நிறுத்தாமல் இரண்டாம் பாகத்துக்குள் போனார்.

அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டுப்போனது. அந்த ரசம் வழிந்த கை என் கண்ணை விட்டுப் போகவில்லை. இன்னொரு தரம் அந்த ஆள் துள்ளி எழுவதைப் பார்க்க வேண்டும் போல ஒரு துடுக்குத்தனம். சாயந்திரம் கச்சேரியில் முழுசாக வாசிக்கத்தானே போகிறார் என்று ஒரு நினைப்பு. கதவை ஒரு தட்டுத் தட்டி, "தாசில்தார் வந்துட்டாருங்க!" என்று கத்தினேன்.

நாற்காலி கீச்சிட்டது. கித்தார் எதிலோ இடித்தது. அவர் ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார். தெரு காலியாகக் கிடந்தது. அங்கேயே கை கூப்பியபடி கொஞ்ச நேரம் நின்றார். யாரும் இல்லையென்று தெரிந்த பிறகும் கையை உடனே இறக்கவில்லை. திரும்பி வந்து கித்தாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். இங்கேயே இருந்தால் பெரியவர் வருவது தெரியாமல் போய்விடும் என்று அப்போதே பந்தலுக்குக் கிளம்பிவிட்டார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

கச்சேரிக்கு மூன்று மணிக்கே போய்ப் பெண்கள் பக்கம் முன்னால் இடம் பிடித்தோம். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், பெட்ரோமாக்ஸ் ஏற்ற வழியில்லை. பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். தாசில்தார் வர நேரமானதால் ஐந்து மணிக்கு அவர் இல்லாமலே ஆரம்பித்தார்கள். நேரே எங்கள் பாட்டுதான். முதல் பாகத்தின் பாதியில் தாசில்தார் வந்தார். இவர் எழுந்தார். சரி, தலைமை வகிக்கிறவர், போகட்டும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து முதல் பாகம் முடிகிற நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். எழுந்தார். மறுபடி முதலிலிருந்து. தபேலாக்காரர் பழகினவர் போல, ஒவ்வொரு தடவையும் கையை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்.

மூன்றாவது தடவை முதல் பாகம் முடிந்து இரண்டாம் பாகம் பிறந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூன்று சுரம் வந்தது. இதோ, இதற்கு அப்பால்தான். அந்தச் சமயம் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதை நான் கவனித்தேன். தாசில்தார் எழுந்து பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கப் போயிருந்தார். காலைக் கழுவிக்கொண்டு, வேட்டியை உதறிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

இரும்புத் துண்டு பைக்குள் போனது.

ஒன்றுக்குப் போய்விட்டு வருகிற ஒருத்தருக்காக ஒரு கலைஞன் எழுந்து கை கூப்பி நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தத் தாசில்தாரே கையை ஆட்டி, "வாசிங்க, வாசிங்க, நான் இங்கதானே இருந்தேன்" என்றார். "பரவால்லீங்க எஜமான், பாட்டு எங்கியும் போயிடாது" என்றார் இவர். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதற்குள் பந்தலுக்குள் மங்கிவிட்டது. விழாக்காரர்கள் பாதியில் மங்களம் பாடச் சொல்லிவிட்டார்கள்.

என் மணிக்கட்டில் அக்காவின் நகம் பதிந்த தடம் மறுநாள் பஸ்சிலும் இருந்தது. வழியெல்லாம் அவள் ஒன்றும் முனகவில்லை. ஜூன் மாதம் மடத்துக்குப் போய்விட்டாள்.

நடுவில் ஒரு தடவை அரியலூர் ரயில்வே ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். கித்தார்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். போய்ச் சண்டை போடலாமா என்று பார்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் கொடியோடு அறையை விட்டு வெளியே வந்தார். இவர் எழுந்தார். எனக்குச் சண்டை போடவும் அருவருப்பாக இருந்தது. அம்மாவை இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டேன்.

நாலு வருஷம் கழித்து, அக்கா இருந்த மடத்தில் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டி, மேற்றிராணியார், அதாவது பிஷப், வந்து மந்திரித்துத் திறந்து வைத்தார். கன்னியர்களின் வீட்டாருக்கும் அழைப்பு வந்தது. போனோம். நான் அப்போது வாத்தியார் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன். காலைப் பூசை முடிந்ததும் புது ஹாலில் சங்கீதம் என்றார்கள். மேடையில் பார்த்தால் அந்த மனுஷர். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. ஜிப்பா மட்டும் பட்டுதான்.

அக்காவை ஹாலில் காணவில்லை. மேற்றிராணியாருக்குச் சாப்பாடு பரிமாறுகிற பொறுப்பு அவளுக்கு என்று இன்னொரு கன்னியர் சொன்னார். மதரிடம் கேட்டு, பன்னிரண்டு மணி அடிக்கிறவரை கேட்க உத்தரவு வாங்கியிருக்கிறாளாம். மணி அடித்தால் போய்விட வேண்டும். அந்த மடத்தில் மணிச் சத்தம் கேட்டால், எழுதிக்கொண்டிருக்கிற எழுத்தைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு எழ வேண்டும் என்று சட்டம்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மேற்றிராணியார் நடுவில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மேல் வர இனி யார் இருக்கிறார்கள்? இந்த ஆள் இன்றைக்கு எழுந்திருக்கவே முடியாது.

எங்கள் பாட்டை ஆரம்பித்தார். முதல் பாகம் போனது. இரண்டாம் பாகம் தொடங்கியது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்வாரத்தில் வெள்ளை அங்கி அசைந்தது. அக்கா வேகமாக வந்துகொண்டிருந்தாள். கன்னியர்கள் ஓடக் கூடாது, ஓடாமல் எவ்வளவு வேகமாக வர முடியுமோ அவ்வளவு வேகம். அந்த மூன்று சுரம் வந்தது, தாண்டியது. கீறலைத் தாண்டிய முதல் சுரம் காதில் விழுந்தபோது அக்கா வாசற்படியில் கால் வைத்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். கீறலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டே இருந்த ஒரு கேள்விக்குப் பதில் வருகிறது என்கிற முகம்.

வாசலில் வெள்ளை அங்கியைக் கண்டதும் அவர் எழுந்துவிட்டார்.

இரும்புத் துண்டு பைக்குள். கித்தார் ஸ்டூலில். இரண்டு கையும் கூப்பி, "வாங்க மதர், வாங்க, வாங்க" என்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் அக்கா கையால் ரசம் வாங்கிச் சாப்பிட்டவர். அப்போது முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை, அங்கியைத்தான் பார்த்தார்.

அக்கா பதறிப்போனாள். "நிறுத்தாதீங்க அய்யா, வாசிங்க, தயவுசெஞ்சு வாசிங்க" என்றாள்.

"பாட்டு எங்கியும் போயிடாது மதர். நீங்க உக்காருங்க." அவள் உட்காரும்வரை நின்றார். பிறகு அவளுக்கு மரியாதையாக, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

முதல் பாகம் முடிகிற நேரத்தில் மணி அடித்தது. மேற்றிராணியார் எழுந்தார், எல்லாரும் எழுந்து மத்தியான ஜெபம் சொன்னோம். ஜெபம் முடிந்து நாங்கள் உட்கார்ந்தோம். அக்கா உட்காரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"தொடர்ந்து வாசிங்க" என்றார் மேற்றிராணியார். அன்றைக்குத்தான், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்த ஆள் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். கடைசிவரை வாசித்தார். இடையில் எழ வைக்க ஒருவரும் வரவில்லை.

எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். கீறலுக்கு அப்பால் அது எங்கள் பாட்டே இல்லை, வேறு எங்கோ போய், நாம் வந்த வழியையே மறந்துபோன நேரத்தில் மெதுவாகத் திரும்பி முதல் வரிக்கே வந்து சேர்ந்தது. என் பக்கத்தில் இருந்த கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண்ணீர் வந்தது. அந்த ஆள் வாசித்ததற்காக என் கண்ணில் தண்ணீர் வந்ததே என்று எனக்கு என்மேலேயே அசிங்கமாக இருந்தது. இரண்டு முற்றத்துக்கு அப்பால் தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

சாயந்திரம் மடத்துப் பார்லரில், பார்க்க வருகிறவர்களுக்கான அந்த முன்னறையில், பத்து நிமிஷம் பேச விட்டார்கள். அக்கா வந்ததும் அம்மாவின் சுகத்தைக் கேட்டாள், என் படிப்பைக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்புறம் வாசிச்சாராடி?" என்றாள்.

"வாசிச்சாருக்கா."

"எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. மொத பாகத்துல இருந்ததயே திருப்பித் திருப்பி வாசிச்சாரு. நம்ம வூட்டு பிளேட்டு மாதிரியேதான். நீ எதையும் விட்டுடல."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா வீட்டில் பார்த்த அதே பார்வை. அப்புறம் லேசாகச் சிரித்தாள். "பொய் சொல்றப்ப ஒனக்கு மூக்கு வெடைக்கும், சின்ன வயசுலேருந்து. ஞாயித்துக்கெழம பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடு" என்றாள். என் கன்னத்தில் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

எத்தனையோ ஞாயிறு போய்விட்டது. பெரிது பெரிதாக எவ்வளவோ பாவத்தை அந்தக் கம்பித் தட்டிக்கு முன்னால் முழங்காலிட்டுச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் சாமியார் முதலில் அந்த ஆளை மன்னிக்கச் சொல்வார்.